சங்கக் கணக்கை எங்கே வைப்பது: அலுவலக சர்வரா, வாடகை சர்வரா, கிளவுடா?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஒரு சிறு கூட்டுறவுச் சங்கம். உறுப்பினர்கள் சில நூறு பேர். தோட்டத்தில் இன்னும் வேலை செய்பவர்கள், ஓய்வு பெற்றவர்கள், இரண்டு மூன்று ஏக்கர் செம்பனை வைத்திருப்பவர்கள். சங்கம் சேமிப்பு வாங்குகிறது, சிறு கடன் கொடுக்கிறது, ஒரு மளிகைக் கடை நடத்துகிறது, உறுப்பினர்களின் செம்பனைக் குலைகளை எடைபோட்டு ஆலைக்கு அனுப்புகிறது. இவ்வளவு கணக்கையும் தாங்கிக்கொண்டிருக்கும் அலுவலக சர்வருக்கு, அதாவது மையக் கணினிக்கு, வயதாகிவிட்டது. புதிதாக ஒன்று வாங்குவதா, வெளியே ஒரு சர்வரை வாடகைக்கு எடுப்பதா, எல்லாவற்றையும் கிளவுடில், அதாவது இணையவழி வாடகைக்குக் கிடைக்கும் பிறர் கணினிகளில், ஏற்றுவதா என்று நிர்வாகக் குழு என்னிடம் கேட்டது. இப்படிப்பட்ட சிறு சங்கங்களுக்கும் கோயில்களுக்கும் கணக்கு மென்பொருள் அமைத்துக் கொடுப்பதுதான் என் வேலை.

குழுவில் ஓய்வு பெற்ற தோட்டக் கிராணி, அதாவது தோட்ட அலுவலக எழுத்தர், ஒருவர் இருக்கிறார். "தம்பி, நம்ம கணக்க ஏன் அடுத்தவன் வீட்டுல கொண்டுபோய் வைக்கணும்?" என்று கேட்டார். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இளைய உறுப்பினர், "அண்ணே, இப்ப பேங்க்கே கிளவுட்ல ஓடுது. சர்வர் வாங்குறது வீண் செலவு" என்றார். இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. தொழிலாளர் பெயர்ப் பதிவான செக்ரோல் புத்தகத்தை இரும்புப் பெட்டியில் பூட்டிப் பாதுகாத்தவரின் அக்கறையைப் பழங்காலத்துப் பயம் என்று ஒதுக்கிவிட முடியாது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உறுப்பினர் பதிவேடு, சேமிப்பு, கடன் கணக்கு ஆகியவை கிளவுடுக்குப் போகலாம். எடைமேடையும் கடைக் கல்லாவும் இணையம் இல்லாத நேரத்திலும் ஓடியாக வேண்டும். முழுக் கணக்கின் ஒரு நகல் எப்போதும் சங்கத்தின் கையில் இருக்க வேண்டும். இந்த மூன்றாவதற்கு ஒப்புக்கொள்ளாத விற்பனையாளரிடம் முதல் இரண்டையும் பேச வேண்டியதில்லை.

எது கிளவுட், எது இல்லை

சந்தையில் எல்லாமே கிளவுட் என்ற பெயரில் விற்கப்படுவதால் ஓர் அளவுகோல் தேவை. அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்பக் கழகம் 2011 செப்டம்பரில் வெளியிட்ட வரையறைதான் இன்றும் பெரும்பாலோர் கையாள்வது. அது ஐந்து பண்புகளைக் கேட்கிறது. வேண்டிய வசதியை யாரிடமும் விண்ணப்பிக்காமல் நாமே எடுத்துக்கொள்ள முடிய வேண்டும். கைப்பேசி, கணினி என எதிலிருந்தும் இணையவழி எட்ட முடிய வேண்டும். ஒரே பெரிய கணினிக் குவியலைப் பல வாடிக்கையாளர்கள் பகிர வேண்டும். தேவை ஏறும்போது உடனே விரிந்து, இறங்கும்போது சுருங்க வேண்டும். பயன்பாட்டை அளந்து கணக்கு வைக்க வேண்டும்.

இந்த ஐந்தையும் நம் சங்கத்தோடு பொருத்திப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. விற்பனையாளர்கள் அதிகமாகப் பேசுவது நான்காவதை, அதாவது விரிந்து சுருங்குவதை. நமக்கு மிகக் குறைவாகத் தேவைப்படுவதும் அதுவே. தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் கடையில் கூட்டம் கூடும், ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு முன் ஈவுத்தொகைக் கணக்கு ஓடும். இவற்றை ஒரு சாதாரண மேசைக் கணினியே தாங்கும். ஒரே இரவில் பத்து மடங்கு விரியும் வசதிக்குக் காசு கொடுக்க நமக்குக் காரணமே இல்லை.

நாம் உண்மையில் வாங்குவது வேறு இரண்டு. ஒன்று, கணினியைப் பராமரிக்கும் வேலை நம் தலையிலிருந்து இறங்குகிறது. இன்னொன்று, நம் கணக்கு நம் கட்டடத்துக்கு வெளியே, இன்னொரு ஊரில் இருக்கிறது. இந்த இரண்டையும் விலைபேசும்போதுதான் ஒப்பீடு நேராகும்.

தோட்டத்து என்ஜினும் தெனாகாவும்

கணினியைப் பலர் பகிர்ந்து, பயன்படுத்திய அளவுக்குக் காசு கட்டும் எண்ணம் புதியதல்ல. 1961இல் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் நூற்றாண்டு விழாவில் ஜான் மெக்கார்த்தி, தொலைபேசியைப் போலக் கணினிச் சேவையும் ஒருநாள் பொதுப் பயன்பாட்டுச் சேவையாகலாம் என்று பேசினார். அதே ஆண்டு அங்கே ஒரே பெரிய கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பகிரும் ஏற்பாடு இயங்கிக் காட்டப்பட்டது. 1960களிலும் 70களிலும் பல நிறுவனங்கள் மெயின்ஃபிரேம் கணினியின் நேரத்தை இப்படி வாடகைக்கு எடுத்தன. 1980களில் மேசைக் கணினி மலிவானபோது எல்லோரும் சொந்தக் கணினிக்கும் அலுவலக சர்வருக்கும் வந்தார்கள். 2006இல் அமேசான் முதலில் சேமிப்பிடத்தையும் பிறகு மெய்நிகர் கணினிகளையும் வாடகைக்கு விடத் தொடங்கியதும் காற்று மறுபடி திரும்பியது. பழைய பகிர்வுக்கும் இன்றையதற்கும் உள்ள வேறுபாடு, ஒரு கணினிக்குள் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் நுட்பம் மலிவான சாதாரணச் சர்வர்களுக்கு வந்ததும், ஒரு கடனட்டையும் இணைய இணைப்பும் இருந்தால் எவரும் சில நிமிடங்களில் தொடங்கலாம் என்பதும்தான்.

இதைக் குழுவில் விளக்க மின்சாரத்தை எடுத்துக்கொண்டேன். நம் ஊருக்கு அதிகத் தொலைவில்லாத பேராக் ஆற்றின் செண்டெரோ அணை 1930 வாக்கிலிருந்தே கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்கு மின்சாரம் கொடுத்தது. ஆனாலும் பல தோட்டங்களில் லயங்களுக்கு வெகுகாலம் என்ஜின் வீட்டிலிருந்துதான் மின்சாரம், அதுவும் மாலையில் சில மணி நேரத்துக்கு மட்டும். எண்ணெய், பழுது, என்ஜின்காரர் விடுப்பு எல்லாமே தோட்டத்தின் பாடு. தேசிய மின்கம்பி வந்த பிறகு அந்தப் பாடு போனது. அலுவலக சர்வருக்கும் கிளவுடுக்கும் உள்ள உறவை இதுவரை இந்த ஒப்புமை சரியாகக் காட்டும்.

அதற்குமேல் காட்டாது. மின்சாரம் தரும் தெனாகா நிறுவனத்திடம் நாம் எதையும் ஒப்படைப்பதில்லை. மின்சாரம் வருகிறது, செலவாகிறது, முடிந்தது. கிளவுடில் நம் உறுப்பினர்களின் அடையாள அட்டை எண்ணும் கடன் பாக்கியும் அவர்கள் வட்டில் உட்கார்ந்திருக்கின்றன. மின்சாரம் யாரிடம் வாங்கினாலும் அதே விளக்கு எரியும். கணக்கு மென்பொருளை மாற்றினால் ஒருவரின் கோப்பு இன்னொருவருக்குப் புரியாமல் போகலாம். கிராணி ஐயா கேட்ட கேள்வி சரியாக இந்த இடத்தில்தான் நிற்கிறது, அதற்கு ஒப்பந்தத்தில் பதில் வேண்டும்.

அலுவலக சர்வர்

இன்று சங்கத்தில் இருப்பது இந்த முறைதான். உள்ளே ஒரு சர்வர், முகப்பில் இரண்டு கணினிகள், நடுவில் ஒரு கம்பி. இதன் பெருமையைக் குறைத்துப் பேச நான் தயாரில்லை. இணையம் போனாலும் ஓடும். திறந்தவுடன் கணக்கு வந்து நிற்கும். மாதச் சந்தா கிடையாது. யார் என்ன பார்க்கிறார்கள் என்பது நம் கட்டுப்பாட்டில் இருக்கும்.

இடர் கட்டடத்திலிருந்து வருகிறது. மாலை மழையில் இடி விழுந்தால் ரௌட்டரும் யு.பி.எஸ்ஸும் சேர்ந்து போவதை நம் ஊரில் பார்க்காதவர் இல்லை. வெள்ளம், திருட்டு, ஹார்ட் டிஸ்க் பழுது எல்லாம் அதே அறையில்தான் நடக்கும். பேக்அப் எடுத்த பென்டிரைவும் பெரும்பாலும் அதே மேசை இழுப்பறையில்தான் கிடக்கும்.

இன்னொரு இடர் ஆள் சார்ந்தது. இயங்குதளத்தைப் புதுப்பிக்க, வைரஸ் பாதுகாப்பைப் பார்க்க, பேக்அப் உண்மையிலேயே ஓடியதா என்று சரிபார்க்க ஒருவர் வேண்டும். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற பணம்பறிக்கும் நிரல் உலகெங்கும் கணினிகளைப் பூட்டியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே வெளியிட்டிருந்தது. போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். சிறு சங்கத்தில் இந்த வேலையைச் செய்பவர் பொதுவாக யாரோ ஒரு உறுப்பினரின் மகன். அந்தப் பிள்ளைக்குக் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ வேலை கிடைத்த நாளிலிருந்து சர்வருக்கு ஆள் இல்லை.

வாடகை சர்வர்

இதுதான் அடிக்கடி கிளவுட் என்று சொல்லி விற்கப்படும் நடுவழி. ஒரு தரவு மையத்தில் நமக்கென்று ஒரு மெய்நிகர் கணினி, மாதம் ஒரே கட்டணம், குறிப்பிட்ட அளவு நினைவகம், குறிப்பிட்ட அளவு வட்டு. நம் பழைய மென்பொருளை அப்படியே அங்கே நிறுவலாம் என்பது கவர்ச்சி. கட்டடத்தின் இடர் நீங்குகிறது. மற்ற எல்லா வேலையும் நம்மிடமே நிற்கிறது. இயங்குதளத்தைப் புதுப்பிப்பது நாம், ஊடுருவலைத் தடுக்கும் நெருப்புச்சுவரை அமைப்பது நாம், பேக்அப் எடுப்பது நாம். இணையத்தில் திறந்து கிடக்கும் கணினி என்பதால் தாக்குதலும் கூடும்.

பெரிய கிளவுட் நிறுவனங்களிடம் வெறும் மெய்நிகர் கணினியை எடுத்தாலும் பொறுப்பு இப்படித்தான் பிரியும். கட்டடம், மின்சாரம், வட்டு அவர்கள் பாடு. உள்ளே ஓடுவது நம் பாடு. மென்பொருளையே சேவையாக எடுக்கும்போது மட்டும் இயங்குதளமும் புதுப்பிப்பும் அவர்கள் பக்கம் போகின்றன. அப்போது நமக்கு மிஞ்சுவது யாருக்கு லாகின், எந்தப் பதிவு, எங்கே நகல் என்ற மூன்று கவலைகள். ஆள் பலம் இல்லாத சங்கத்துக்கு நான் பரிந்துரைப்பது இந்தக் கடைசி வகையைத்தான். கணினி தெரிந்த முழுநேர ஊழியர் இருக்கும் இடத்துக்கு வாடகை சர்வர் நல்ல வழி. நம் சங்கத்தில் அப்படி யாரும் இல்லை.

வேறு இரண்டு முறைகளின் பெயரும் குழுவில் அடிபட்டது. கிரிட் கணிமை என்பது பல நிறுவனங்கள் தங்கள் கணினிகளை ஒன்றுசேர்த்து ஒரு மாபெரும் கணக்கைப் போடுவது. ஐரோப்பாவின் செர்ன் இயற்பியல் ஆய்வகத்தின் துகள் மோதல் தரவுகள் 40க்கும் மேற்பட்ட நாடுகளின் கணினி மையங்களில் இப்படித்தான் பகுக்கப்படுகின்றன. 1999இல் தொடங்கிய செட்டி அட் ஹோம் திட்டம் வீட்டுக் கணினிகளின் ஓய்வு நேரத்தை வாங்கி வேற்றுக்கோள் சமிக்ஞைகளைத் தேடியது. கிளவுடில் ஒருவரின் குவியலைப் பலருக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள், கிரிட்டில் பலருடையதை ஒரு வேலைக்குச் சேர்க்கிறார்கள். கடன் கணக்குக்கு இது தேவையே இல்லை.

கணினிக்குக் கணினி நேரடியாகக் கோப்புகளை ஒத்திசைக்கும் முறை கொஞ்சம் பயன்படும், கடையிலும் அலுவலகத்திலும் ஒரே கோப்புறை இருக்கும். ஆனால் ஒரு பக்கம் தவறி அழித்தால் மறுபக்கமும் அழியும். அதை பேக்அப் என்று எண்ணி நிம்மதியாக இருக்கக் கூடாது.

எடைமேடையில் வேறு நியாயம்

செம்பனைக் குலை காத்திருக்காது. வெட்டிய பழத்தில் நேரம் போகப் போகக் கொழுப்பு அமிலம் கூடி எண்ணெயின் தரம் இறங்கும். அதனால்தான் வெட்டிய 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போக வேண்டும் என்று எல்லோரும் அவசரப்படுகிறார்கள். உறுப்பினர் லோரியோடு வந்து நிற்கும்போது "லைன் இல்லை, பிறகு வாங்க" என்று சொல்ல முடியாது.

இங்கே பொருந்துவது விளிம்புக் கணிமை எனப்படும் முறை. தரவு பிறக்கும் இடத்திலேயே ஒரு சிறு கணினி அதைப் பதிந்து, கணக்கிட்டு, ரசீது அச்சடித்துவிடும். இணையம் கிடைக்கும்போது மையத்துக்கு அனுப்பும். பெரிய தோட்டங்களில் வேலையை மேற்பார்க்கும் மண்டோர்கள் கையில் வைத்திருக்கும் கருவிகளும் இதே நியாயத்தில் இயங்குபவை. காட்டுக்குள் சிக்னல் இல்லாத இடத்தில் குலைகளைப் பதிந்து, அலுவலகத்துக்கு வந்ததும் அனுப்புகிறார்கள். கிளவுடுக்கு இது எதிரியல்ல. பதிவது இங்கே, சேர்த்து வைப்பது அங்கே.

கடைக் கல்லாவுக்கும் இதே விதி. கல்லா மென்பொருள் வாங்கும்போது ரௌட்டரின் கம்பியைப் பிடுங்கிவிட்டு ஒரு விற்பனை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பிறகு கம்பியைச் செருகி, அந்த விற்பனை ஒரே ஒரு முறை மட்டும் மையக் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு முறை ஏறினால் அந்த மென்பொருள் வேண்டாம். எந்த விளக்கப்பட்டியலையும்விட இந்தச் சோதனை அதிகம் சொல்லும்.

தரவு எந்த நிலத்தில்

வெகுகாலம் நம் நாட்டுக் கிளவுட் தரவுகள் பெரும்பாலும் சிங்கப்பூரில் கிடந்தன. அமேசான் அங்கே 2010இல் தளம் அமைத்தது. மலேசியாவில் அதன் தளம் 2024 ஆகஸ்டில் திறந்தது, மைக்ரோசாஃப்டின் தளம் 2025 மே மாதம் வந்தது. ஆகவே தரவை நாட்டுக்குள்ளேயே வைக்க முடியுமா என்று கேட்பது இப்போது வீண் கேள்வி அல்ல. எழுத்தில் பதில் கேளுங்கள்.

ஜொகூரில் கூலாய், செடெனாக் பக்கம் போய் வந்தவர்கள் கவனித்திருப்பார்கள். செம்பனை நின்ற கூலாய் யங் தோட்டத்து மண்ணில் இப்போது ஒய்.டி.எல். நிறுவனத்தின் தரவு மையப் பூங்கா எழுந்திருக்கிறது. நம்மவர்கள் வியர்வை சிந்திய தோட்ட நிலத்தில் இன்று உலகத்தின் கணக்குகள் ஓடுகின்றன. அந்த வளர்ச்சியில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு என்ன வேலை கிடைக்கிறது என்பதை நம் சமூகம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இந்தக் கட்டுரைக்கு அது வெளிவிஷயம், ஆனாலும் சொல்லாமல் தாண்ட மனம் வரவில்லை.

சட்டத்துக்கு வருவோம். 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகப் பரிவர்த்தனை சார்ந்த தரவுகளுக்குப் பொருந்தும். கடை நடத்தி, கடன் கொடுக்கும் சங்கம் தனக்கு இது பொருந்தும் என்று எண்ணி நடப்பதுதான் நல்லது. 2024 திருத்தத்தின்படி, தரவுக் கசிவு நேர்ந்தால் ஆணையரிடம் அறிவிக்கும் கடமை 2025 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. விதிகளை மீறுவதற்கான உச்ச அபராதமும் 3 லட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 லட்சத்துக்கு உயர்ந்தது. கிளவுட் நிறுவனத்திடம் கொடுத்துவிட்டோம் என்பதால் சங்கத்தின் பொறுப்பு போய்விடாது. உறுப்பினர் நம்பிக் கொடுத்தது சங்கத்திடம்.

மூன்று விபத்துகள்

எந்த முறை பாதுகாப்பானது என்று கேட்டால், மூன்று முறைகளும் விழுந்த மூன்று நிகழ்வுகளைச் சொல்வேன்.

2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜோன் நகரில் அரசின் சொந்தத் தரவு மையத்தில் தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்து வைத்த ஜி-டிரைவ் அமைப்பில் 858 டெராபைட் தரவு போனது. அளவு மிகப் பெரியது என்பதால் அதற்கு வெளியிடத்து நகல் எடுத்து வைக்கப்படவில்லை. சொந்த இடம், சொந்தக் காவல், இருந்தும் போனது.

2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் வாடகை சர்வர் கட்டடம் ஒன்று எரிந்தது. பல வாடிக்கையாளர்களுக்கு பேக்அப்பும் அதே வளாகத்தில் இருந்ததால் மீட்க ஒன்றும் இல்லாமல் போனது.

2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியின் கணக்கு கூகுள் கிளவுடில் ஓர் அமைப்புப் பிழையால் அழிந்தது. 6 லட்சத்துக்கும் அதிகமான உறுப்பினர்கள் ஒரு வாரத்துக்கும் மேலாகத் தங்கள் கணக்கைப் பார்க்க முடியவில்லை. அந்த நிதி இரண்டு வெவ்வேறு இடங்களில் கணக்கை வைத்திருந்தும் இரண்டும் சேர்ந்தே போயின. ஆனால் வேறொரு நிறுவனத்திடமும் பேக்அப் வைத்திருந்ததால் கணக்கு திரும்பியது.

கொரிய அரசிடம் இல்லாமல், அந்த ஓய்வூதிய நிதியிடம் இருந்தது வேறொரு கையில் இருந்த நகல். முறையைத் தேர்ந்தெடுக்க ஐந்து கூட்டம் போடும் குழுக்கள் இந்த நகலுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்குவதில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம். மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில் என்ற பழைய விதி எந்த முறைக்கும் பொருந்தும்.

பணம்

எடுத்துக்காட்டுக்கு ஒரு கணக்கு போடுவோம். மாதச் சந்தா 150 ரிங்கிட் என்றால் ஐந்தாண்டில் 9,000 ரிங்கிட். வெளிநாட்டு டிஜிட்டல் சேவைகளுக்கான சேவை வரி 2020இல் 6 விழுக்காடாகத் தொடங்கி, 2024 மார்ச் முதல் 8 விழுக்காடு. அது சேர்ந்தால் 9,720. ஆள் கூடினால் சந்தாவும் கூடும். லாகின் எண்ணிக்கைக்கு ஏற்ற கட்டணமா, சங்கத்துக்கு மொத்தக் கட்டணமா என்பதைக் கேட்டுவிடுங்கள்.

சர்வர் பக்கம் வாங்கும் விலையை மட்டும் எழுதுவது சரியில்லை. 150 வாட் இழுக்கும் ஒரு சர்வர் இரவு பகலாக ஓடினால் ஆண்டுக்கு 1,314 யூனிட் மின்சாரம். யு.பி.எஸ் பேட்டரி, குளிரூட்டி, மாற்று வட்டு, பழுதுக்கு ஈப்போவிலிருந்து வருபவரின் கூலி எல்லாம் அதே பக்கம் சேர வேண்டும். இரண்டு பட்டியலையும் ஐந்தாண்டுக்குப் போட்டால், சிறு சங்கத்துக்குப் பண வேறுபாடு பேசுமளவுக்குப் பெரிதாக இருப்பதில்லை என்பது நான் கண்டது. ஆள் கிடைக்குமா என்பதே அதைவிடப் பெரிய கேள்வி.

கட்டணத்தோடு இணைய வேகத்தையும் பார்க்க வேண்டும். 100 கிகாபைட் பழைய பதிவுகளை விநாடிக்கு 20 மெகாபிட் வேகத்தில் ஏற்ற 11 மணி நேரத்துக்குமேல் ஆகும். மாற்றத்துக்கான நாளைக் கடை மூடிய மாலையில் வைத்துக்கொள்ளுங்கள். சேவை இயங்கும் நேரம் 99.9 விழுக்காடு என்று ஒப்பந்தம் சொன்னால், ஆண்டில் எட்டேமுக்கால் மணி நேரம் நின்றாலும் அவர்கள் சொல் தவறவில்லை என்று பொருள். அதற்குமேல் நின்றால் பெரும்பாலும் கட்டணத்தில் ஒரு பகுதியைத்தான் கழிப்பார்கள், நம் நட்டத்தைத் தரமாட்டார்கள்.

விற்பனை ரசீதை வரி வாரியத்துக்கு இணையவழி அனுப்பும் மின்-விலைப்பட்டியலுக்காகவே கிளவுடுக்குப் போக வேண்டும் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். 2024 ஆகஸ்டு 1 முதல் பெரிய நிறுவனங்களிலிருந்து தொடங்கிப் படிப்படியாக அது வருகிறது. உள்நாட்டு வருமான வரி வாரியம் மைஇன்வோய்ஸ் என்ற இலவசத் தளத்தையே வைத்திருக்கிறது. சங்கம் எந்தக் கட்டத்தில் வருகிறது என்பதை வாரியத்தின் அறிவிப்பில் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். விற்பனையாளர் சொல்லும் கடைசித் தேதியை நம்பி அவசரப்பட வேண்டாம்.

யார் பெயரில் கணக்கு

நான் பார்த்த சிறு சங்கங்களிலும் கோயில்களிலும் அதிகச் சிக்கல் வந்த இடம் இதுதான், தொழில்நுட்பம் அல்ல. கிளவுட் கணக்கைப் பொருளாளரின் சொந்த மின்னஞ்சலில் தொடங்குகிறார்கள். உறுதிக் குறியீடு அவர் கைப்பேசிக்குப் போகிறது. பொதுக்கூட்டத்தில் புதிய குழு வருகிறது, பழைய பொருளாளர் மனத்தாங்கலோடு விலகுகிறார், அல்லது காலமாகிறார். சங்கத்தின் கணக்கைச் சங்கமே திறக்க முடியாமல் நிற்கிறது. அலுவலக சர்வரில் இந்த ஆபத்து குறைவு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஈப்போவுக்குப் போனால் யாராவது திறந்துவிடுவார்கள்.

ஆகவே சங்கத்தின் பெயரில் ஒரு மின்னஞ்சல், சங்கத்தின் பெயரில் ஒரு கைப்பேசி எண். உரிமையாளர் நிலையில் இருவர், தலைவரும் செயலாளரும். எழுத்தருக்குப் பதிவிட மட்டும் உரிமை, அழிக்க இல்லை. எல்லோருக்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு, அதாவது கடவுச்சொல்லோடு இன்னொரு உறுதிக் குறியீடும். கைப்பேசி தொலைந்தாலும் கணக்கைத் திறக்க உதவும் மீட்புக் குறியீடுகளை அச்சிட்டு, உறையில் இட்டு ஒட்டி, சங்கத்தின் இரும்புப் பெட்டியில். பதவி மாறும் நாளில் சாவிக்கொத்தோடு இதுவும் கைமாற வேண்டும், கூட்டக் குறிப்பில் எழுதப்பட வேண்டும்.

வெளியேறும் வழியையும் நுழையும்போதே பேச வேண்டும். உறுப்பினர் பட்டியல், ஒவ்வொருவரின் சேமிப்பு வரவு செலவு, கடன் தவணை, அடகு விவரம் எல்லாவற்றையும் எக்செல் போன்ற பொதுவான கோப்பாக நாமே, யாரிடமும் கேட்காமல், எந்த நாளும் இறக்கிக்கொள்ள முடியுமா? சந்தா நின்ற பிறகு எத்தனை நாள் கணக்கைப் பார்க்க விடுவார்கள்? நிறுவனம் மூடப்பட்டால்? அறிக்கையை மட்டும் பி.டி.எஃப். கோப்பாகத் தருகிறோம் என்றால் அது போதாது, அதை இன்னொரு மென்பொருளில் ஏற்ற முடியாது.

இந்த ஊர்க்காரரான, அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் முன்னின்று 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது தொழிலாளர்கள் சிறுகச் சேர்த்த பணத்தில் தோட்டங்களையே வாங்கியது. உடைமை நம் கையில் இருக்க வேண்டும் என்ற எண்ணம் இங்கே கூட்டுறவின் வேரிலேயே இருக்கிறது. கணக்குக்கும் நான் அதையே கேட்கிறேன். இயந்திரம் யாருடையதாகவும் இருக்கட்டும், பதிவேடு சங்கத்துடையது.

குழுவுக்கு நான் எழுதிக் கொடுத்த ஏற்பாடு இது. கணக்காண்டின் தொடக்கத்தில் சேமிப்பு, கடன், பதிவேடு மூன்றும் சேவையாகக் கிடைக்கும் கிளவுட் மென்பொருளுக்குப் போகும். முதல் மூன்று மாதம் பழைய சர்வரும் கூடவே ஓடும், மாத இறுதியில் இரண்டின் மொத்தமும் சென் வரை ஒத்துவர வேண்டும். எடைமேடையிலும் கல்லாவிலும் தனித்து இயங்கக்கூடிய கணினிகள் இருக்கும். ஒவ்வொரு மாதமும் எழுத்தர் முழுக் கணக்கையும் இறக்கி, கடவுச்சொல் பூட்டிய இரண்டு வெளி வட்டுகளில் ஏற்றுவார். ஒன்று சங்கப் பெட்டியில், மற்றது தலைவர் வீட்டில்.

கிராணி ஐயா இதைப் படித்துவிட்டு ஒரு வரி சேர்க்கச் சொன்னார், சேர்த்திருக்கிறேன்: ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு முந்தைய மாதம், இணையத்தைத் தொடாமல், அந்த வட்டை மட்டும் வைத்துக்கொண்டு, உள்கணக்காய்வுக் குழு தேர்ந்தெடுக்கும் பத்து உறுப்பினர்களின் பாக்கியைச் செயலாளர் சொல்ல வேண்டும். சொல்ல முடிந்ததா இல்லையா என்பது ஆண்டறிக்கையில் அச்சாக வேண்டும்.